முட்டி சரியாகட்டும், அப்புறம் எடையைப் பார்க்கலாம் என்பவர்களுக்கு

சேலத்தில் குகை என்ற பகுதியில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு 61 வயது, உயரம் ஐந்தடி, போன வருஷம் எடை 79 கிலோ. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தறிக்குழியில் கால் போட்டு மிதித்தவர், இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருக்கின்றன. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எடையக் குறைங்கம்மா, டெய்லி நடங்க" என்று முடித்துவிட்டார். வெளியே வந்து, ஆட்டோவில் ஏறக் காலைத் தூக்க முடியாமல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு பெரியம்மா என்னிடம் கேட்டது இது: "நடந்தாத்தான் ஒடம்பு எளைக்கும், எளைச்சாத்தான் நடக்க முடியும்னா, நான் எதக் கண்ணு மொதல்ல பண்றது?"

எனக்கும் அப்போது பதில் தெரியாது. நானே அதே கேள்வியில் மாட்டிக்கொண்டிருந்தவன்தான். ஏற்காட்டிலிருந்து பைக்கில் இறங்கும்போது ஒரு கொண்டை ஊசி வளைவில் மணல் கிடந்ததைக் கவனிக்காமல் விழுந்து, வலது முட்டியில் ஜவ்வு கிழிந்து, காந்தி ஸ்டேடியத்தில் தினமும் நடந்த நடை அன்றோடு நின்றது. 76 கிலோவில் இருந்தவன் ஏழு மாதத்தில் 84. "முட்டி சரியாகட்டும், பழையபடி நடந்தா ரெண்டே மாசத்துல இறக்கிடலாம்" என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தில்தான் கோளாறு. நடையால்தான் எடை இறங்கும் என்று நாம் அடிமனதில் முடிவு செய்துவிட்டோம், அதனால் நடை நின்றதும் எடையும் கைவிட்டுப் போய்விட்டது என்று உட்கார்ந்துவிடுகிறோம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும். 84 கிலோ ஆள் ஒருவர் சுமாரான வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் 145 கலோரி போல செலவாகும். ஆனால் அதே அரை மணி நேரம் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் 40 கலோரி செலவாகியிருக்கும், ஆக நடந்ததால் கூடுதலாகப் போனது நூறு சொச்சம். ஒரு மேசைக்கரண்டி கடலை எண்ணெய் 14 கிராம், கொழுப்புக்குக் கிராமுக்கு 9 கலோரி, கிட்டத்தட்ட 125. அதாவது தாளிக்கும்போது கை தவறிக் கூடுதலாக விழுந்த ஒரு கரண்டி, காலையில் வேர்க்க விறுவிறுக்க நடந்த நடையைச் சாப்பிட்டுவிடுகிறது. காப்பிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு நாளைக்கு மூன்று டம்ளர் குடித்தாலும் இதே கதைதான், 120 கலோரி. (காப்பியை நான் குறை சொல்லவில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பி பயிரிட்ட புண்ணியத்தில் நமக்கு நல்ல கொட்டை பக்கத்திலேயே கிடைக்கிறது, குற்றம் எல்லாம் சர்க்கரை மேல்தான்.)

இன்னொரு பக்கம் பாருங்கள். ஒரு நாளில் உடம்பு செலவழிக்கும் கலோரியில் 60 முதல் 70 சதவீதம் வரை மூச்சு, இதயம், ஈரல், மூளை, உடல் சூடு என்று படுத்துக்கிடந்தாலும் நடக்கிற வேலைக்கே போகிறது. இன்னொரு 10 சதவீதம் தின்றதைச் செரிக்க. மிச்சம்தான் அசைவு. அதிலும் நாம் உடற்பயிற்சி என்று பெயர் வைத்துச் செய்வது ஒரு சிறு பங்குதான். முட்டி கிழிந்ததால் அந்தப் பெரிய பங்கு நின்றுவிடுவதில்லை. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழும் ஹட்சா மக்களின் கலோரிச் செலவை ஹெர்மன் பொன்ட்சர் என்ற மானுடவியலாளரும் அவர் குழுவும் அளந்து 2012-இல் வெளியிட்டார்கள். நாள் முழுக்க நடக்கும் அவர்களுடைய மொத்தச் செலவு, உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், அமெரிக்க, ஐரோப்பிய நகரவாசிகளுடையதை விட அதிகமாக இல்லை. நிறைய அசைந்தால் உடம்பு வேறு எங்கோ செலவைச் சுருக்கிக்கொள்கிறது என்பது அவர் தரும் விளக்கம். விளக்கத்தில் இன்னும் வாதம் நடக்கிறது, ஆனால் நடை மட்டும் எடையை இறக்காது என்பதை அனுபவத்தில் பார்க்காதவர் யார்? ஸ்டேடியத்தில் நான் நடந்த அத்தனை வருஷமும் என் கூடவே நடந்தவர்களின் தொப்பை அப்படியேதான் இருந்தது, என்னுடையதும்தான்.

பெரியம்மாவின் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லும் ஆய்வு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் முட்டி தேய்மானமும் அதிக எடையும் உள்ள 454 பேரை மூன்று குழுவாகப் பிரித்து 18 மாதம் பார்த்தார்கள், ஸ்டீபன் மெசியர் தலைமையில், முடிவு 2013-இல் வந்தது. உடற்பயிற்சி மட்டும் செய்தவர்கள் சராசரியாக 1.8 கிலோ குறைந்தார்கள். சாப்பாட்டை மட்டும் மாற்றியவர்கள் 8.9 கிலோ. இரண்டும் செய்தவர்கள் 10.6 கிலோ. எண்களைத் திரும்பப் பாருங்கள், பயிற்சி சேர்ந்ததால் கூடுதலாக இறங்கியது இரண்டு கிலோகூட இல்லை. அப்படியானால் பயிற்சி வீணா என்றால், இல்லவே இல்லை. வலி நன்றாகக் குறைந்ததும் நடமாட்டம் மேம்பட்டதும் இரண்டும் செய்த குழுவுக்குத்தான். எடை இறங்குவது பெரும்பாலும் அடுப்படியில், வலி இறங்குவது அசைவில். இரண்டையும் ஒரே வேலை என்று நினைத்துக் குழப்பிக்கொண்டதால்தான் ஒன்று நின்றதும் மற்றதையும் விட்டுவிடுகிறோம்.

அதே மெசியர் குழு 2005-இல் சொன்ன இன்னொரு கணக்கு: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு எட்டிலும் முட்டி மேல் விழும் சுமை நாலு கிலோ குறைகிறது. 5 கிலோ குறைந்தால் எட்டுக்கு 20 கிலோ. ஒரு கிலோமீட்டருக்கு ஆயிரத்துக்கும் மேல் எட்டு வைக்கிறோம், பெருக்கிக்கொள்ளுங்கள். சுமை மட்டுமே காரணமும் இல்லை. எடை கூடியவர்களுக்குக் கைவிரல் மூட்டுகளிலும் தேய்மானம் அதிகம் வருகிறது, கையால் யாரும் நடப்பதில்லையே. கொழுப்புத் திசு சும்மா கிடக்கும் மூட்டை இல்லை, அழற்சியைத் தூண்டும் பொருள்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது என்பதுதான் அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆக, எதை முதலில் என்றால் சாப்பாடுதான் முதலில். அதற்கு முட்டி தேவையில்லை.

என் எட்டு கிலோ எங்கிருந்து வந்தது என்றும் பின்னால் கணக்குப் பார்த்தேன். ஒரு கிலோ கொழுப்பு என்பது 7,700 கலோரி. ஏழு மாதத்தில் எட்டு கிலோ என்றால் நாளைக்கு 300 கலோரிதான் மிச்சமாகியிருக்கிறது. அதில் நடை நின்றது 100. மாடிப்படி, கடைத்தெரு, கோயில் என்று கணக்கில் வராத அசைவுகள் நின்றது கொஞ்சம். மிச்சம்? சாயங்காலம் வீட்டில் அடைந்து கிடக்கிறானே என்று தம்பி வாங்கி வந்த தட்டுவடை செட். பீட்ரூட்டும் கேரட்டும் துருவிப் போடுகிறார்களே, காய்கறிதானே என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம், ஆனால் அடியிலும் மேலும் இருக்கிற தட்டை எண்ணெயில் பொரித்ததுதான். அந்தக் கணக்கில் வராத அசைவைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மேயோ கிளினிக்கில் 1999-இல் 16 பேருக்குத் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்து எட்டு வாரம் வைத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கு அரைக் கிலோவுக்கும் குறைவாகக் கொழுப்பு ஏறியது, இன்னொருவருக்கு நாலு கிலோவுக்கு மேல். வித்தியாசம் உடற்பயிற்சியால் வந்ததில்லை, எழுவது, நிற்பது, நிமிர்வது, துறுதுறுவென்று இருப்பது. அடிபட்டவருக்கு முதலில் போவது இதுதான், "நீ உக்காரு, நான் எடுத்துத் தர்றேன்" என்று வீட்டில் எல்லாரும் அன்பாகச் சொல்லிச் சொல்லியே.

சரி, சாப்பாட்டில் என்ன செய்வது? பட்டினி கிடக்கச் சொல்ல மாட்டேன், அதுதான் அடிபட்டவருக்கு மோசமான வழி. அசையாத காலில் தொடைத் தசை வேகமாகக் கரைகிறது, அந்தத் தசைதான் முட்டியைத் தாங்குகிறது. இந்த நேரத்தில் இரண்டு வேளை சாப்பாட்டை நிறுத்தினால் கொழுப்போடு தசையும் சேர்ந்தே போகும், தராசில் முள் இறங்கும், முட்டி இன்னும் பலவீனமாகும். அதனால் குறைக்க வேண்டியது மாவும் எண்ணெயும் சர்க்கரையும், குறைக்கக் கூடாதது புரதம்.

இதில்தான் சேலத்துக்காரர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. உடம்பு சரியில்லை, அடிபட்டுப் படுத்திருக்கிறார் என்றால் முதலில் கொடுப்பது ஜவ்வரிசிக் கஞ்சி. நம் ஊரைச் சுற்றி இத்தனை சேகோ ஆலை இருக்கும்போது ஜவ்வரிசியைக் குறை சொன்னால் அடிக்க வருவீர்கள், ஆனாலும் சொல்கிறேன். மரவள்ளிக்கிழங்கிலிருந்து மாவுச்சத்தை மட்டும் பிரித்து உருட்டியதுதான் அது. 100 கிராமில் 350 கலோரி, புரதம் ஒரு கிராம்கூடத் தேறாது. செரிக்க எளிது, உண்மைதான், வயிற்றுப்போக்கு நேரத்தில் சரி. தசை கரைந்துகொண்டிருக்கும்போது வாரக்கணக்கில் அதைக் குடிப்பதில் அர்த்தமில்லை.

அதே 100 கிராம் கொள்ளில் புரதம் 22 கிராம். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது நம் பக்கம் தெரியாத வீடு இல்லை. கொள்ளு கொழுப்பைக் கரைத்துவிடும் என்று சொல்வதை நான் நம்பவில்லை, எந்தத் தானியமும் எதையும் கரைப்பதில்லை. ஆனால் ஒரு கிண்ணம் கொள்ளுப் பருப்பைக் கடைந்து சாப்பிட்டால் அடுத்த வேளை வரை வயிறு கேட்பதில்லை, புரதமும் நாரும் சேர்ந்து செய்கிற வேலை அது. அந்த அளவில் பழமொழி சரி. சிறுதானியம் பற்றியும் இதே போல ஒரு மயக்கம் இருக்கிறது. களி சாப்பிட்டால் இளைக்கும் என்று இரண்டு உருண்டை உள்ளே தள்ளுகிறவர்கள் உண்டு. ராகி மாவுக்கும் அரிசிக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை, நார் கூடுதல், அவ்வளவே. உருண்டையின் அளவுதான் கேள்வி.

பெரியம்மா வீட்டில் நாங்கள் செய்தது பெரிய டயட் எல்லாம் இல்லை. தட்டில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பொரியலும் பருப்பும் வந்தது. காலையில் இரண்டு முட்டை, அதில் 12 கிராம் புரதம். சாயங்காலம் நொறுக்குத்தீனி இருந்த இடத்தில் சுண்டல். எண்ணெய்க் கேனைத் திறந்து அப்படியே ஊற்றுவதை நிறுத்தி, வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரு பாட்டிலில் அளந்து வைத்தோம், இதுதான் அதிகச் சண்டை வந்த இடம். மாம்பழத்துக்குத் தடை போடவில்லை, போட்டாலும் செல்லாது. மல்கோவாவில் 300 கிராம் சதை என்றால் 180 கலோரி, அதை ஒரு வேளைப் பலகாரத்துக்குப் பதிலாகச் சாப்பிட்டால் ஒன்றும் குடி முழுகாது. சாப்பாட்டுக்கு மேல் சாப்பிட்டால்தான் வம்பு. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மட்டும் சோற்றைக் குறைக்கும் முன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும், மருந்து அதே அளவில் இருந்து சாப்பாடு குறைந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைத் தாமாகக் கூட்டக் கூடாது.

மருந்து என்றதும் இன்னொன்று. வலிக்குக் கொடுக்கும் மருந்துகளே சிலருக்கு எடையை ஏற்றும். நரம்பு வலிக்குக் கொடுக்கும் ப்ரீகாபலின், கேபாபென்டின், தூக்கத்துக்கும் வலிக்கும் சேர்த்துக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், அப்புறம் ஸ்டீராய்டு மாத்திரைகள். இவற்றைத் தொடங்கிய பிறகு எடை ஏறினால் உங்கள் மன உறுதியைத் திட்டிக்கொள்ள வேண்டாம், டாக்டரிடம் மாற்று இருக்கிறதா என்று கேளுங்கள், ஆனால் தானாக நிறுத்தாதீர்கள், குறிப்பாக ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. சந்தையில் லேபிள் இல்லாமல் விற்கிற மூட்டுவலிப் பொடிகளைத் தொடவே வேண்டாம். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வலி மாயமாகப் போகும், முகம் உருண்டையாக வீங்கும், எலும்பு மெலியும்.

தூக்கத்தை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. இரவில் திரும்பிப் படுத்தால் முட்டி சுரீரென்கிறது, விழிப்பு வருகிறது, காலையில் அசதி, அசதிக்கு இனிப்பு. இது வெறும் மனசு சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. சிகாகோவில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், குறைந்த கலோரிச் சாப்பாட்டில் இருந்த 10 பேரை இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும் இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருக்க வைத்தார்கள். சாப்பாடு ஒன்றே, இறங்கிய எடையும் ஏறக்குறைய ஒன்றே, ஆனால் தூக்கம் குறைந்த நாள்களில் இறங்கிய எடையில் கொழுப்பின் பங்கு பாதிக்கும் கீழே போய்விட்டது, மிச்சம் தசை போன்றவை. பத்துப் பேர் என்பது சின்ன ஆய்வுதான், இருந்தாலும் தசை கரைந்துகொண்டிருக்கும் அடிபட்ட ஆளுக்கு இது காதில் விழ வேண்டிய செய்தி. முட்டிக்கு நடுவே ஒரு தலையணை வைத்து ஒருக்களித்துப் படுத்தது எனக்கு எந்தத் தைலத்தையும் விட அதிகம் உதவியது.

இனி அசைவு. எடைக்காக இல்லை, வலிக்காகவும் தசைக்காகவும் என்று நினைத்துச் செய்தால் அளவும் மாறிவிடும், அவமானமும் போய்விடும். பத்தாயிரம் எட்டு எல்லாம் மறந்துவிடலாம். எனக்கு பிசியோதெரபிஸ்ட் முதல் வாரம் கொடுத்தது, காலை நீட்டி உட்கார்ந்து முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அதைக் கீழே அமுக்குவது, அவ்வளவுதான். சிரிப்பு வந்தது, மூன்றாம் நாள் தொடை வலித்தபோது போய்விட்டது. அப்புறம் மல்லாந்து படுத்து நீட்டிய காலைத் தூக்குவது, கைப்பிடி உள்ள நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்குவது. காலை அசைக்கவே முடியாதவர்களுக்குக் கை இருக்கிறது, உட்கார்ந்தபடி தண்ணீர் பாட்டிலைத் தூக்கலாம், ரப்பர் பட்டையை இழுக்கலாம். இவை முட்டிக்குச் சொன்னவை. இடுப்பில் டிஸ்க் பிதுங்கியவர்களுக்குச் சரிவருவது வேறு, அதைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது. இடுப்பளவு தண்ணீரில் நின்றால் கால் தாங்கும் எடை பாதியாகிவிடும், மார்பளவில் மூன்றில் ஒரு பங்குதான். தரையில் பத்து எட்டு வைக்க முடியாதவர் தண்ணீரில் பத்து நிமிஷம் நடப்பார். சின்ன வயதில் கன்னங்குறிச்சிப் பக்கக் கிணறுகளில் மேலிருந்து குதித்து நீந்திய தலைமுறை நாங்கள், இப்போது படி இறங்க முட்டி விடாது என்பதால் கிணறு சரிப்படாது, கைப்பிடி உள்ள நீச்சல்குளம்தான் வேண்டும். அதற்கு வசதியும் காசும் எல்லாருக்கும் இல்லை என்பதும் தெரிந்ததுதான்.

எவ்வளவு செய்வது என்பதற்கு ஒரு சாதாரண அளவுகோல் இருக்கிறது. செய்யும்போது வலி கொஞ்சம் கூடினாலும் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு சரி. மறுநாளும் கூடவே இருந்தால், வீங்கினால், அளவைப் பாதியாக்க வேண்டும், நிறுத்த வேண்டியதில்லை. நாள்பட்ட வலிக்காரர்கள் எல்லாரும் செய்யும் தப்பு, வலி இல்லாத நாளில் எல்லா வேலையையும் சேர்த்துச் செய்துவிடுவது. போன ஆடியில் பெரியம்மாவுக்கு இரண்டு நாள் முட்டி நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்தில் போய் மூன்று மணி நேரம் நின்றுவிட்டு வந்தார். அடுத்த ஐந்து நாள் படுக்கை. நல்ல நாளில் கொஞ்சம் குறைத்து, மோசமான நாளில் துண்டை அமுக்கும் அளவாவது செய்து, இரண்டுக்கும் நடுவில் ஓடுவதுதான் பலன் தருகிறது, அலுப்பான வழி என்பதை ஒத்துக்கொள்கிறேன். மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தாலோ, முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, முயற்சி எதுவும் இல்லாமல் எடை தானாக இறங்கினாலோ, இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

எடை குறைக்கும் ஊசி பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். அப்படிப்பட்ட ஊசி மருந்தான செமாக்ளூடைடை முட்டித் தேய்மானம் உள்ள 407 பேரிடம் 68 வாரம் சோதித்த முடிவு 2024-இல் வந்தது. மருந்து எடுத்தவர்கள் எடையில் 13.7 சதவீதம் குறைந்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத ஊசி போடப்பட்டவர்கள் 3.2 சதவீதம், வலியும் அதற்கேற்ப நன்றாகவே குறைந்தது. ஆக வேலை செய்கிறது. நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது, செலவும் குமட்டலும் உண்டு, டாக்டர் பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டும். ஊசி போட்டாலும் புரதமும் தொடைப் பயிற்சியும் அப்படியே தேவை, சாப்பாடு குறைந்தால் தசை போகும் என்ற கணக்கு அங்கேயும் பொருந்தும்.

தராசை வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். முதல் வாரத்தில் இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர், அதைப் பார்த்துத் துள்ளவும் வேண்டாம், மூன்றாம் வாரம் நின்றுவிட்டதே என்று சோறும் இறங்காமல் உட்காரவும் வேண்டாம். தையல்காரரிடம் இருக்கும் இன்ச் டேப் இன்னும் நேர்மையானது. நம் நாட்டு அளவுப்படி ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்கு மேல் போனால்தான் கவலை. நான் 84-இலிருந்து 78 வந்திருக்கிறேன், பத்து மாதத்தில், அதில் முதல் ஆறு மாதம் தெருமுனைக்குக்கூட நடக்கவில்லை.

பெரியம்மா 79-இலிருந்து 72. முட்டியில் தேய்ந்தது தேய்ந்ததுதான், எக்ஸ்ரே மாறவில்லை. ஆட்டோவில் ஏறக் கம்பியைப் பிடிக்கிறார், ஆனால் நின்று மூச்சு வாங்குவதில்லை. காலைத் தூக்கும் பயிற்சிக்குக் கணுக்காலில் கட்ட எடை வேண்டும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னபோது, கடையில் வாங்க மாட்டேன் என்று ஒரு கிலோ உப்பு பாக்கெட்டைப் பழைய துணியில் சுற்றிக் கட்டிக்கொண்டார். போன வாரம் போனபோது அந்தத் துணி காலியாகக் கொடியில் தொங்கியது. என்ன பெரியம்மா, விட்டுட்டீங்களா என்றேன். "வீட்டுல உப்பு தீந்து போச்சு கண்ணு, பிரிச்சுட்டேன். வர்றப்ப ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வா, ஒண்ணு பத்த மாட்டேங்குது" என்றார்.